குறைக்கக் கூடாத பயம்

அந்தச் சனிக்கிழமை நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவருடைய கண்கள் என் முகத்தை விட்டு நகர்ந்தன. கைத்தொலைபேசியை ஒரு பழைய பால்மா டின்னில் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் யாழ்ப்பாணத்து அறை ஒன்று. வெளிர் நீலச் சுவர். அதன் முன்னால், நரை கலந்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, கண்ணாடி அணிந்த, எனக்கு மன ஆலோசனை சொல்லும் ஓர் அம்மா. தூக்கம் வராததைப் பற்றியோ மாமியின் பேச்சைப் பற்றியோ நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒருபோதும் இடைமறித்துப் பேசுபவர் அல்லர். அன்று கையை மெல்ல உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ டீச்சர். உங்கட தலைக்குப் பின்னால சுவரில ஒரு வெடிப்புத் தெரியுது. போன கிழமை அது அந்தக் கலண்டர் வரைக்கும்தானே இருந்தது?"

நான் திரும்பிப் பார்த்தேன். வெடிப்பு இருப்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சீமெந்து பூசி, சுண்ணாம்பு அடித்து, மாதா படம் போட்ட கலண்டரை அதன்மேல் தொங்கவிட்டு அதனோடு பழகிப் போயிருந்தோம். ஆனால் அது வளர்கிறது என்று இன்னொருவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. அதுவும் எங்கள் மலையை ஒருநாளும் கண்டிராத ஒருவர், உள்ளங்கையளவு திரையில் பார்த்துச் சொன்னார். கலண்டருக்கு மேலே, கூரை மரத்தை நோக்கி, ஒற்றைத் தலைமயிரை ஒட்டி வைத்ததுபோலப் புதிதாக ஒரு கறுப்புக் கோடு ஏறியிருந்தது. வெளியே நல்ல வெயில்.

கண்டி மாவட்டத்தில் பன்விலப் பக்கம், தேயிலை மலை செங்குத்தாக இறங்கி நிற்கும் ஓரிடத்தில் எங்கள் வீடு இருந்தது. நான் அங்குள்ள தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒரே மகள். அவள் அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். வீடு கணவரின் அம்மாவான மாமியுடையது. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் அது மாமியின் வீடுதான். மாமியும் காலமாகிவிட்ட மாமாவும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, லயத்தில் மணமுடித்து, லயத்தில் பிள்ளை பெற்றவர்கள். சுற்றியிருந்த எவருக்கும் சொந்தமாக ஒரு பிடி மண்கூட இல்லாத காலத்தில் அந்தத் துண்டு நிலத்தை வாங்கினார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, மாலை வேளைகளில் ஆற்றிலிருந்து கல்லைத் தலையில் சுமந்து வந்து போட்டவர் மாமி. வீட்டின் முன் தரைக்கு அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேய்ப்பார். அந்தத் தரையில் செருப்புக் காலோடு ஏறியவர் பாதிரியாராக இருந்தாலும் ஒரு பார்வை கிடைக்கும்.

அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன நாளிலேயே சமையலறை யன்னலைத் திறந்து பார்த்தேன். அதன் வழியாக வானம் தெரியவில்லை. மண்தான் தெரிந்தது. வீட்டைக் கட்டுவதற்காக மலையை நேராக வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் பாசி படர்ந்திருந்தது. அதற்கு மேலே தேயிலை. தேயிலைக்கும் மேலே கவனிப்பாரற்றுக் காடாகிப்போன பழைய மலை. யன்னலுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டாக நடந்து போகும் அளவுக்குத்தான் இடம். அங்கே எந்நேரமும் ஈரமாக இருக்கும். "குளிர்ச்சியான வீடு," என்று கணவர் பெருமையாகச் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பயம் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு மழைக்காலத்தில் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, தகரக் கூரையில் மழை பலத்துக் கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கையில் வெண்கட்டியோடு நின்றேன். வீட்டில் மகள் தனியாக மாமியுடன் இருக்கிறாள், அவள் தலைக்கு மேலே அந்த மண் நிற்கிறது என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் தலைக்குள் இல்லை. பிறகு தூக்கம் போனது. சின்னச் சின்ன விடயத்துக்கெல்லாம் பிள்ளைகள்மீது எரிந்து விழுந்தேன். வீட்டில் சோறு குழைந்தது, துணி காயவில்லை என்று தொடங்கும் பேச்செல்லாம் கடைசியில் அந்த மலையில்தான் வந்து முடியும். கணவர் அலுத்துப் போனார்.

"ஒனக்கு மண்ட சரியில்ல. நாப்பது வருசமா நிக்கிற மலை, நீ வந்த பொறகு வந்து விழப்போவுதா?"

மாமி என்னிடம் நேரடியாக எதுவும் சொல்லமாட்டார். மகளிடம் சொல்வதுபோலச் சொல்வார். "ஒங்கம்மாவுக்கு இந்த வூடு புடிக்கல பாப்பா. அதான் மலைய சாட்டுறா."

கண்டிக்குப் போய் மருந்தெடுத்தேன். உடம்பில் ஒன்றுமில்லை, மனதுக்கு ஓய்வு தேவை என்றார் வைத்தியர். எங்கள் பாடசாலை அதிபர்தான், தமிழில் ஒன்லைனில் ஆலோசனை சொல்லும் ஓர் அம்மா இருக்கிறார், வீட்டை விட்டு வெளியே போகவே தேவையில்லை என்று சொல்லித் தொடர்பை ஏற்படுத்தித் தந்தார். எனக்கும் அது வசதியாகப்பட்டது. கண்டியில் போய் ஒருவரைப் பார்த்தால் பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை தெரிந்த முகங்கள்தான். ஆசிரியை ஒருத்திக்குப் பைத்தியம் என்ற கதை அவள் வீடு திரும்பும் முன்னர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த வீட்டில் பின்னறையில் மட்டும்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். அதனால் மலையோடு ஒட்டிய அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சனிக்கிழமைகளில் அமர்வேன். அவரை மிஸ் என்றே கூப்பிட்டேன். இப்போதும் அப்படித்தான்.

முதல் சில வாரங்கள் அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தார். மூச்சை எப்படி ஆறுதலாக இழுத்து விடுவது, வகுப்பில் பதற்றம் வந்தால் கால் பாதத்தை எப்படித் தரையில் அழுத்தி நிற்பது, கணவரிடம் கோபத்தில் சொல்வதைக் கோபம் தணிந்த பிறகு எப்படிச் சொல்வது என்று கற்றுத் தந்தார். அவையெல்லாம் பயன்பட்டன. வகுப்பில் சத்தம் போடுவது குறைந்தது. ஆனால் மலையைப் பற்றிய பயத்தை மட்டும் நான் அவரிடம் பட்டும்படாமல்தான் சொல்லியிருந்தேன். எனக்கே அது வெட்கமாக இருந்தது. படித்தவள், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவள், சுவரைப் பார்த்து நடுங்குகிறாள் என்றால் யார் மதிப்பார்கள்?

வெடிப்பைக் கண்ட அன்று மிஸ் மூச்சுப் பயிற்சி எதையும் சொல்லவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். சமையலறைக் கதவு பல நாளாகவே நிலையில் இறுகித் தோளால் இடித்தால்தான் திறந்தது. அதை இடித்துத் திறந்து பின்பக்கம் போனேன். மேலே நின்ற பட்டர்புருட் மரம் எங்கள் கூரையை எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்திருந்தது. அது முன்னரும் அப்படித்தான் நின்றதா என்று மிஸ் கேட்டார். நான் அதைக் கவனித்ததே இல்லை. அப்போதுதான் பீலியைப் பார்த்தேன். மலையிலிருந்து மூங்கில் வழியாக எங்களுக்குத் தண்ணீர் வரும் அந்தப் பீலியில் எந்தக் கோடையிலும் கண்ணாடிபோலத் தண்ணீர் விழும். அன்று பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. மழை பெய்து பல நாளாகியிருந்தது.

தண்ணீரைக் கிட்டக் காட்டச் சொல்லி மிஸ் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பயத்தைக் குறைக்கத்தான் எல்லாரும் என்னட்ட வருவினம் டீச்சர். குறைச்சும் விடலாம். ஆனா எல்லாப் பயத்தையும் குறைக்கக் கூடாது. எனக்கு மலையைப் பற்றித் தெரியாது. தெரிஞ்சவையைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. நாளைக்கே."

அந்த வார்த்தைகளைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது பயமல்ல, அழுகை. எனக்குப் பைத்தியமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அது எவ்வளவு பெரிய ஆறுதல். மறு நிமிடமே அதன் மறுபக்கம் புரிந்தது. எனக்குப் பைத்தியம் இல்லையென்றால், மலை வரப்போகிறது.

கிராம சேவகரிடம் போனேன். அவர் வந்து பார்த்துவிட்டு மேலிடத்துக்கு அறிவித்தார். மண்சரிவைப் பற்றிப் படித்த அதிகாரிகள் இருவர் வந்தார்கள். அவர்களில் இளையவர் தேயிலைக்குள் ஏறிப் போய்ச் சுற்றிவிட்டு இறங்கி வந்தபோது அவருடைய முகத்தில் போகும்போது இருந்த சிரிப்பு இல்லை. மேலே காட்டு ஓரத்தில் நிலம் நீளமாகப் பிளந்திருக்கிறது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். இந்த வீட்டில் இருப்பது நல்லதல்ல, வேறு இடத்துக்கு ஏற்பாடு செய்யக் காலம் எடுக்கும், அதுவரைக்கும் மழை பலத்தால் உடனே வெளியேறுங்கள் என்றார். மாமி சிவப்புத் தரையில் நின்று அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். அவர்கள் போகும்வரை மரியாதையாக இருந்தார். போன பிறகு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"லயத்துல பொறந்தேன். மறுபடியும் லயத்துக்கே போயி யாரு வூட்டு மூலையிலயாச்சும் சாவணும்னா, நா எதுக்கு இந்தக் கல்ல சொமந்தேன்? நீங்க போங்க. நா வரல."

கணவர் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தியைக் கைவிட வேண்டியிருந்தது. அவர் கோபக்காரர் அல்லர். ஆனால் அந்த நாட்களில் என்னோடு பேசியதெல்லாம் கோபத்தில்தான். பிரச்சினையை வீட்டுக்குள் கொண்டு வந்தவளே நான்தான் என்பதுபோல நடந்துகொண்டார்.

மாமியை ஒருமுறை தன்னோடு பேச வைக்க முடியுமா என்று மிஸ் கேட்டார். நான் நம்பிக்கையில்லாமல்தான் கூப்பிட்டேன். மாமி வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்து, திரையை உற்றுப் பார்த்தார். கணவர் கதவருகில் கைகட்டி நின்றார்.

"சொல்லுங்கம்மா, எம் மருமகளுக்கு என்னா வருத்தம்?"

"அவவுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை அம்மா. நான் உங்களோட கதைக்கத்தான் கேட்டனான். இந்த வீட்டை எப்பிடிக் கட்டினீங்கள்?"

மாமி எதிர்பார்த்து வந்தது வேறு. கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு பேசத் தொடங்கினார். கல்லைப் பற்றி, மாமா மண் குழைத்ததைப் பற்றி, கூரை போட்ட அன்று லயத்திலிருந்து எல்லோரும் வந்து சாப்பிட்டதைப் பற்றி, முதன்முதலாகச் சொந்தக் கதவைப் பூட்டியதைப் பற்றி. நான் மருமகளாக வந்து இத்தனை ஆண்டுகளில் இதையெல்லாம் அவர் சொல்லிக் கேட்டதில்லை. கணவரும் கேட்டதில்லை என்று அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு மாமி, பேச்சு வாக்கில், "ஒங்க வூடு எப்புடி?" என்று கேட்டார்.

"நாங்களும் ஒரு வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டனாங்கள் அம்மா. சண்டை நேரம். திறப்பை மடியில கட்டிக்கொண்டு வந்தன்."

"சாவியா?"

"ஓம், சாவி."

"திரும்பிப் போனீங்களா?"

"கனகாலத்துக்குப் பிறகு போனன். வீடு இருக்கேல்லை. ஆனா போய்ப் பாக்க நான் இருந்தன்."

மாமி திரையில் தெரிந்த முகத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, "நல்ல பொம்பள," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்றிரவுச் சாப்பாட்டுக்கு, எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டைப் பொரித்து வைத்திருந்தார். எங்களுக்குள் சமாதானம் என்று சொல்லத்தக்கது ஏதாவது இருந்ததென்றால் அது அந்தக் கருவாடுதான்.

மழை வந்தது. அந்த ஆண்டு எங்கள் பக்கம் பெய்த மழையைக் கண்டவர்கள் எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. காலையில் தொடங்கி, பகலை இருட்டாக்கிக்கொண்டு, காற்றே இல்லாமல் நேராக விழுந்தது. பீலி நின்றுபோனது. அவ்வளவு மழையில் பீலியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை; மலை அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அதைக் கணவர்தான் முதலில் கண்டார். உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், "கெளம்புங்க," என்றார். மாமி மறுப்பார் என்று நினைத்தேன். அவர் மறுக்கவில்லை. மாதா படத்தை எடுத்துத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். அடுப்பைத் துடைத்தார். எல்லோரும் மழையில் நின்று காத்திருக்க, கதவைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

கடுகண்ணாவையில் என் அக்கா வீடு. பிரதான வீதியோரம், முன்னால் அத்தானின் சிறிய கடை, பின்னால் இரண்டு அறைகள். அங்கே போய்ச் சேர்ந்தோம். அக்கா முகம் கோணாமல் வைத்துக்கொண்டார். ஆனால் மாமியால் அங்கே இருக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். பையை அவர் பிரிக்கவே இல்லை. பாரமான லொறிகள் மேடேறும்போது சுவர் அதிரும். அப்போதெல்லாம் மாமி என்னைப் பார்ப்பார். இதற்குப் பயமில்லையா உனக்கு என்பதுபோல.

சுற்றிலும் மலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. தொலைபேசியில் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒவ்வொரு ஊரின் பெயர். தெரிந்த பாதைகள், தெரிந்த சந்திகள். ஆனால் எங்கள் வீடு நின்றது. தோட்டத்திலிருந்து யார் அழைத்தாலும் முதலில் அதைத்தான் சொன்னார்கள்: "ஒங்க வூடு அப்புடியே இருக்கு டீச்சர்." நல்ல செய்தியாகத்தான் சொன்னார்கள். கேட்கக் கேட்க அது என்மீது சாட்டப்படும் குற்றமாக மாறிக்கொண்டு வந்தது. கணவர் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். மாமியும் பார்ப்பார். வீடு நிற்க நிற்க, நான் சுருங்கிக்கொண்டே போனேன். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது: அந்த வீடு விழுந்துவிட்டால் நிம்மதி என்று நினைத்த கணங்களும் இருந்தன.

பிறகு வெயில் வந்தது. கழுவிவிட்டதுபோல் ஒரு வானம். கணவர் தெருவில் இறங்கி நின்று மேலே பார்த்தார். உள்ளே வந்து, "போவோம்," என்றார்.

நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து மிஸ்ஸை அழைத்தேன். அன்று எங்கள் நாள் அல்ல. ஆனாலும் எடுத்தார்.

"போகவேண்டாம் எண்டு உங்கட மனுசனுக்கு நான் சொல்லேலாது டீச்சர். அவர் என்னோட கதைக்கிற ஆள் இல்லை. ஆனா மேல மண் காய்ஞ்சாலும் உள்ளுக்க இறங்கின தண்ணி எங்க போகும்? அந்த அதிகாரியைக் கேளுங்கோ. அவர் என்ன சொன்னாலும், நீங்கள் பிள்ளையோட போகாமல் இருக்கலாம். அதுக்கு ஒருத்தரிட்டயும் அனுமதி கேக்கத் தேவையில்லை."

அதிகாரியைக் கேட்டேன். இன்னும் போகவேண்டாம், தண்ணீர் வடியவேண்டும் என்றார். அதைக் கணவரிடம் சொன்னேன்.

"அவங்களுக்கென்னா, சொல்லிட்டுப் போயிருவாங்க. நா வேலைக்குப் போவணும். எங்கம்மா இங்க சாப்புடவே மாட்டேங்குது, பாக்குறதான? நீ வரலேன்னா இரு. போன்ல ஒரு பொம்பள சொல்றத வச்சிக்கிட்டு குடும்பம் நடத்த என்னால ஏலாது."

நான் போகவில்லை. அவர்கள் இருவரும் போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மாமி மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பஸ் வந்ததும் அவர்தான் முதலில் ஏறினார், ஊருக்குத் திருவிழாவுக்குப் போகிறவரைப்போல அவசரமாக.

அதற்குப் பின்னரான நாட்களில் வெயில் ஒரு நாளும் தவறவில்லை. அங்கே தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் வராததால் வீட்டில் சிக்னல் இல்லை. கீழே பஸ் நிற்கும் வளைவுக்கு இறங்கி வந்தால் மட்டும் கொஞ்சம் எடுக்கும். கணவர் அழைக்கவில்லை. நானும் முயன்று பார்த்து விட்டுவிட்டேன். ஒரு பிற்பகல், அக்காவின் சமையலறையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, கீழே வளைவிலிருந்து கணவரின் அழைப்பு வந்தது. குரலில் பழைய கலகலப்பு.

"பாத்தியா? ஒண்ணும் ஆவல. வெயிலு என்னா மாதிரி அடிக்கிது. அம்மா வூடெல்லாம் கழுவி பொலிசு கூட போட்டுட்டாங்க. பாப்பாவ கூட்டிக்கிட்டு வாயேன். நாளைக்கே வா."

ஆமென்று சொல்லத்தான் வாய் திறந்தது என்று நினைக்கிறேன். அப்போது அவர் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கல் ஏற்றிய லொறி எங்கோ தூரத்தில் கல்லைக் கொட்டுவதுபோல. ஆனால் கொட்டி முடியவில்லை. நீண்டுகொண்டே போனது.

"என்னா சத்தம் இது..." என்றார் அவர்.

அழைப்பு அறுந்துபோகவில்லை. தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே ஓடியிருக்கிறார். நாய்கள் குரைப்பது கேட்டது. யாரோ பெண்கள் கத்துவது கேட்டது. அவருடைய மூச்சுக் கேட்டது. ஒரு குழந்தை கூப்பிடுவதுபோல, "அம்மா, அம்மா," என்று மலையை நோக்கிக் கத்திக்கொண்டே அவர் ஏறுவது கேட்டது. பிறகு கத்துவது நின்றது. ஏறுவதும் நின்றது. அவர் எதைப் பார்த்து நின்றார் என்று நான் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. என் மகள் அருகில் வந்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள்.

மாமியை மறுநாள் எடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. அடக்கத்துக்கு வந்த மாமியின் உறவுப் பெண்கள் எனக்குக் கேட்கும்படியாகவே பேசிக்கொண்டார்கள். "சொல்லிச் சொல்லியே மலைய வரவழச்சிட்டா." அதை நான் மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் மறுப்பதற்கோ ஆறுதல் சொல்வதற்கோ அவசரப்படவில்லை. "அவையும் மலைக்குக் கீழதானே இருக்கினம்," என்றார். "உங்களில பிழை சொன்னா, தங்கட மலை வராது எண்டு ஒரு நம்பிக்கை." அதற்குப் பிறகு அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுடைய வீடுகளை நினைத்துப் பயம்தான் வந்தது.

கணவர் என்னைக் குறை சொல்லவில்லை. நன்றியும் சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார். கடுகண்ணாவையில் பின்னால் மலை இல்லாத ஒரு வாடகை வீட்டைத் தேடி எடுத்தோம். நான் இடமாற்றம் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பாடசாலைக்குப் போனேன். அவர் அத்தானின் கடையில் வேலைக்கு நின்றார். சாமான் கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழை இருட்டினால் கடையை விட்டு எழுந்து வந்து, பாடசாலை வாசலில் மகளுக்காக நிற்பார். பாடசாலை விட இன்னும் நேரமிருக்கும். ஆனாலும் நிற்பார். தொலைபேசியை அவர் தொடுவதே இல்லை. அது ஒலித்தால் அறையை விட்டு வெளியே போய்விடுவார். எனக்கு ஒரு புதிய பயம் தொடங்கியது. இம்முறை அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அவரைத் தனியாக விடாதீர்கள், ஆனால் விடாப்பிடியாகக் கேள்வி கேட்கவும் வேண்டாம் என்றார் மிஸ். அவராகவே பேசக் கேட்டால், எந்த நாளாக இருந்தாலும் தனக்கு அறிவிக்கச் சொன்னார்.

ஓராண்டுக்கு மேல் அப்படியே போனது. இந்த ஆண்டு மழை தொடங்கிய கிழமையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலை நிமிராமல் கேட்டார்:

"அந்த யாழ்ப்பாணத்து மிஸ் இன்னும் பேசுறாங்களா?"

அடுத்த நாள் பின்னேரமே நேரம் ஒதுக்கித் தந்தார் மிஸ். தொலைபேசியை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். அந்த வீட்டில் அறைகளைப் பிரிப்பது வெறும் பலகை. கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்கும். ஆனால் கேட்பதற்கு எதுவும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்க்க எழுந்தேன். அப்போதுதான் கணவரின் குரல் வந்தது. பல மாதங்களாக நான் கேட்காத அளவு தெளிவாக.

"நானா கீழ எறங்கல மிஸ். அம்மாதான் போவச் சொன்னாங்க. எனக்கு டீய ஊத்திக் குடுத்துட்டு, 'போ, போயி அவள வரச் சொல்லு, மருமகளும் பேத்தியும் இல்லாம வூடு வூடாவே இல்ல'ன்னாங்க. நா டீய குடிச்சிட்டுப் போறேன்னேன். 'வந்து குடி, மூடி வக்கிறேன்'னாங்க."

மாமி என்னைத் தேடியிருக்கிறார். அந்தச் சொல்லை இத்தனை காலமும் இவர் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். சொன்னால் அம்மா இரண்டாம் முறையும் போய்விடுவார் என்று பயந்தாரோ, சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று பயந்தாரோ தெரியாது. நான் பலகையில் கை வைத்து நின்றேன்.

"ஓம்," என்றார் மிஸ், மெல்ல. "சொல்லுங்கோ. நான் இருக்கிறன்."

அவர் அழத் தொடங்கினார். அதற்கு மேல் கேட்பது எனக்குரியதல்ல. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீதிக்கு வந்தேன். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் குடையைத் தேடிக்கொண்டே வீடுகளை நோக்கி நடந்தார்கள். அவர்களில் பலருடைய வீடுகள் மலைக்குக் கீழேதான் இருக்கின்றன. முதல் துளி மகளின் நெற்றியில் விழுந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பயமா இருக்கா?"

"இருக்கு," என்றேன்.